குருவிக்கு ஒதுக்கப்பட்ட விமானம்

கையில் பூங்கொத்தை வைத்துக்கொண்டு, அதை எப்போது கொடுப்பது என்று வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், வணிகர் சங்கத்தின் வற்றாத ஊற்று அவர்களே! முன்வரிசையை மூச்சு விடாமல் காத்து நிற்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்த கையோடு அரங்கத்துக்கு வந்து, எங்களைப் போன்றவர்கள் சீக்கிரம் முடிப்போம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உட்கார்ந்தால் எழ முடியாது என்று கதவோரம் நிற்கும் அறிவாளிகளே! சீருடையில் இந்த மேடையைச் சிறப்பிக்கும் என் தங்கை மகளே, எங்கள் குருவியே! மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் குருவியின் தந்தையே, பெயர்ப்பலகை ஓவியரே, என் அருமை மாப்பிள்ளையே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்காதீர்கள். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பின்னால் தொங்கும் இந்தப் படத்தைப் பாருங்கள். கூரிய மூக்கு, குறுகிய சிறகு, வாலில் நெருப்பு. சண்டை விமானம். வரைந்தவர் என் மாப்பிள்ளை. இந்தப் படம் மட்டுமா? கடைச் சுவரில் ஒன்று, வீட்டு வாசலில் ஒன்று, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் ஒன்று. மகள் விமானப்படைப் பயிற்சிக்குப் போன வாரமே வரைந்துவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். பிறக்கும் முன்னே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டு வந்தவர் என் மாப்பிள்ளை ஒருவர்தான்!

என் மருமகள் ஓட்டப்போவது இந்த விமானம் அல்ல. அவளுக்கு ஒதுக்கப்பட்டது, வீரர்களையும் சரக்கையும் சுமந்து செல்லும், பெருத்த வயிறும் நான்கு எஞ்சினும் கொண்ட கனத்த விமானம். அது தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. "உன் மகளைச் சாப்பிட வரச் சொல்லு." "அப்பாவுக்குப் பசிச்சா மொதல்ல சாப்பிடச் சொல்லுங்கம்மா." நடுவில் என் தங்கை ஓடி ஓடி ஓய்ந்துபோனாள். நாளைக் காலை குருவி வேலைக்குக் கிளம்புகிறாள். இந்த மௌனத்தையும் மூட்டை கட்டிக்கொண்டா போக வேண்டும்?

என்னய்யா? வீட்டு விஷயத்தை மேடையில் பேசலாமா என்கிறீர்களா? தண்ணீர்த் தொட்டியில் வரைந்த அன்றே அது ஊர் விஷயமாகிவிட்டது, உட்காருங்கள்.

பெரியோர்களே, விமானிக்கு விமானத்தை எப்படிக் கொடுக்கிறார்கள்? சீட்டுக் குலுக்கியா? சிபாரிசு பார்த்தா? இல்லை. எல்லாரும் ஒரே மாதிரிச் சின்ன விமானத்தில்தான் கற்றுக்கொள்கிறார்கள். முன்னால் மாணவர், பின்னால் ஆசிரியர். பறக்கும் பரீட்சை உண்டு, படிக்கும் பரீட்சை உண்டு. பிறகு ஆளாளுக்கு ஆசையை எழுதிக் கொடுக்கிறார்கள்: சண்டை விமானமா, சுமை விமானமா, ஹெலிகாப்டரா என்று. அந்த ஆண்டு எதற்கு எத்தனை பேர் தேவை என்று படை சொல்கிறது. கடைசியில், பின்னிருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆசிரியர்கள் கூடிப் பேசுகிறார்கள். மதிப்பெண் பேசும், தேவை பேசும், அந்தப் பிள்ளையின் மனம் எப்படிப்பட்டது என்பதும் பேசும்.

இது எனக்குப் புதிதல்ல. பஸ் டிப்போவில் எந்த டிரைவருக்கு எந்த வண்டி என்று பிரித்துக் கொடுத்தவன் நான். அங்கே ஒருவருக்குப் பட்டப்பெயர் புயல். எக்ஸ்பிரஸ் வண்டிக்கு அவரை அடிக்க ஆள் கிடையாது. இன்னொருவருக்குத் தூளி என்று பெயர். அவர் வண்டியில் ஏறினால் கைக்குழந்தைகூட விழிக்காது. இருவரில் யார் உசத்தி? புயலைப் பிரசவத்துக்குப் போகிற பெண்ணோடு அனுப்புவேனா? தூளியைக் கடைசி ரயிலைப் பிடிக்கச் சொல்வேனா? அவரவர்க்கு ஒரு வண்டி, அந்தந்த வண்டிக்கு ஒரு கை!

ஆனால் ஒதுக்கீட்டு விழாவில் இந்த ஞானம் எனக்கே மறந்துபோனது. பயிற்சிப் பள்ளியின் கூடம். மேசையில் வரிசையாகச் சின்னச் சின்ன மர விமானங்கள், ஒவ்வொன்றின் மேலும் நீலத் துணி. பெயர் கூப்பிடுவார்கள். பிள்ளை போய்த் துணியைத் தூக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் அவர்கள் வாழ்க்கை. அந்த வகை விமானத்தை ஓட்டுகிற மூத்தவர்கள் வந்து தோளில் கைபோட்டுத் தங்கள் பக்கம் அழைத்துப் போவார்கள். ஹெலிகாப்டர் கேட்ட பையன் அது கிடைத்ததும் குதித்தான். அடுத்து எங்கள் குருவி. வகுப்பில் இரண்டாம் இடம். எழுதிக் கொடுத்த ஆசை சண்டை விமானம். துணியைத் தூக்கினாள். வயிறு பெருத்த விமானம்.

தூக்கிய துணி அவள் கையிலேயே நின்றது. பிறகு நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்தாள். என் பக்கத்தில் மாப்பிள்ளை, கூடமே கேட்கும்படி, "யாரோ துணிய மாத்திப் போட்டுட்டாங்க" என்றார். எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

நான் தொழிற்சங்கக்காரன் அல்லவா? விடுவேனா? நியாயம் கேட்கத் தேநீர் மேசைக்கே போனேன். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர், எண்ணி எண்ணிப் பேசுகிற மனிதர், அங்கே நின்றிருந்தார்.

"ஏன் சார், எங்க பொண்ணு எதுல கொறஞ்சுபோச்சு?"

"எதுலயும் கொறயல. அவ சண்டை விமானமும் ஓட்டுவா, நல்லாவே ஓட்டுவா. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீண்ட தூரம் போய்த் திரும்புற பரீட்சை அன்னிக்கு. பாதி வழியில வானம் இருட்டிக்கிட்டு வருது. போனா போயிடலாம், திரும்புனா மார்க் போயிடும். இவ திரும்பிட்டா. எறங்குன பிறகு கேட்டேன், ஏம்மா திரும்புன, பயமான்னு. 'தனியா இருந்தா போய்ப் பாத்திருப்பேன் சார். பின்னாடி நீங்க இருந்தீங்களே'ன்னா."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "எத்தனையோ பேருக்குக் கத்துக்குடுத்திருக்கேன். பின்னாடி நான் ஒருத்தன் இருக்கேன்னு நெனச்சு யாரும் வண்டியத் திருப்புனதில்ல. துணிஞ்சு போனவங்களும் தப்பில்ல, அவங்களுக்கு வேற விமானம் இருக்கு. இந்தப் பிள்ளைகிட்ட நான் நூறு பேர ஏத்தி அனுப்புவேன்."

நியாயம் கேட்கப் போன நான், அவருக்கு இன்னொரு தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அன்பர்களே, அன்றைக்கு மிச்சம் வைத்ததை இன்றைக்கு மொத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்!

மாப்பிள்ளை, கேளுங்கள். சண்டை விமானத்தில் ஆபத்து வந்தால், இருக்கையோடு வெளியே பாய வழி இருக்கிறது. பாய்ந்தவர்களும் வீரர்கள்தான், அவர்களை நான் வணங்குகிறேன். உங்கள் மகளின் விமானத்தில் அந்த இருக்கை இல்லை. பின்னால் அடிபட்ட வீரன் படுத்திருப்பான். வெள்ளத்தில் வீட்டை இழந்தவள் பிள்ளையை அணைத்தபடி உட்கார்ந்திருப்பாள். அவர்களை விட்டுவிட்டு அவள் எங்கே பாய்வாள்? எல்லாரும் இறங்கிய பிறகு இறங்குவதற்கென்றே ஒருத்தியைத் தேடினார்கள். தேடித் தேடி, தெரிந்து தெளிந்து, உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அதையா துணி மாறிவிட்டது என்றீர்கள்?

குருவி தலையில் பனங்காய் என்று தெருவில் யாரோ கேலி பேசினார்களாம். பனங்காயைச் சுமக்கும் தலை எது என்று பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், ஐயா!

நேற்று அவளிடம் கேட்டேன், "அழுதியாம்மா?" என்று. "அழுதேன் மாமா. மறுநாள் அந்த விமானத்துக்குள்ள ஏறிப் பார்த்தேன். பின்னாடி எவ்ளோ எடம் இருக்கு தெரியுமா மாமா?" என்றாள். இரண்டும் உண்மை. அழுததும் உண்மை, அந்த இடத்தைப் பார்த்து அவள் கண் விரிந்ததும் உண்மை. அதை அவள் முதலில் சொல்ல நினைத்தது என்னிடம் அல்ல.

என்ன அங்கே சலசலப்பு? மாப்பிள்ளை எழுந்துவிட்டாரா? வழி விடுங்கள். கதவு அந்தப் பக்கம், மாப்பிள்ளை. இல்லை, இந்தப் பக்கம்தான் வருகிறார். தலைவரே, பயப்படாதீர்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை. மேடைக்குக் கீழே வந்து நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கிறார். இப்போது மகளைப் பார்க்கிறார். ஏதோ கேட்கிறார். கொஞ்சம் அமைதி, பின்னால் இருப்பவர்களுக்காக நான் மைக்கில் சொல்கிறேன்.

"வால் எப்படிம்மா இருக்கும்? ஒசரமா, தாழ்வா?"

தாய்மார்களே, அவள் மேடை விளிம்பில் மண்டியிட்டுவிட்டாள். அப்பாவின் உள்ளங்கையை விரித்து, விரலால் வரைந்து காட்டுகிறாள். அவர் தலையாட்டுகிறார். இன்னொரு முறை வரையச் சொல்கிறார்.

இதற்கு மேல் இந்த மைக்குக்கு வேலை இல்லை. இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும், பூங்கொத்தைக் கொடுக்க நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்த தலைவருக்கும் நன்றி. விழாக்குழுத் தோழர்களே, ஓர் ஏணியும் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் எடுத்து வையுங்கள், ஓவியருக்கு விடியும் முன் வேலை இருக்கிறது. போய் வா, குருவி. பின்னால் இருப்பவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு வா. அனைவருக்கும் வணக்கம்.