சில்லு தொங்கும் நீளம்

காலை எட்டே காலுக்குத் தர்ஷன் காரைக் கொண்டுவந்தபோது நான் இன்னும் தேநீர் குடித்திருக்கவில்லை. வெறும் வயிற்றில் வேலை தொடங்குவது எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் சேர்த்துச் சொன்னேன். எதிர்க்கடையிலிருந்து இரண்டு தேநீர் வந்தது. அவன் குடித்த பிளாஸ்ரிக் கோப்பையை எறிந்தேன். என்னுடையதையும் எறிந்தேன்.

பொலிசில் நீங்கள் இதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அது உங்கள் பிழை அல்ல. உங்கள் ஆட்கள் காரின் அடியில் படுத்துப் பார்த்தார்கள். நட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. பிறேக் குழாய் அறுக்கப்படவில்லை. ஸ்பிரிங்குகள் புதியவை, சொக்குகள் புதியவை. வேகம், உயர்ந்த மதகு, இளம் பெடியன். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் நேற்று என் மகள் ஒன்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கட்டிலருகே இருப்பதைவிட உங்கள் முன்னால் இருப்பது இலகுவாகத் தெரிந்தது.

என் பெயர் சிற்றம்பலம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் கராஜ் வைத்திருக்கிறேன். ஸ்பிரிங், சொக், சில்லு, இவைதான் என் வேலை. இயந்திரத்தைத் தொடமாட்டேன். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். தர்ஷனுடைய தகப்பன் வீரையா ஜெயபுரத்தில் இருக்கிறார். அவருடைய ஆட்கள் கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து ஓடி வந்தவர்கள். அவர் எங்கள் வயலில் வரம்பு கட்டியிருக்கிறார். நல்ல வேலைகாரர். நான் ஊர், ஆள் பார்க்கிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அப்படித்தான் நினைக்கப் போகிறீர்கள்.

என் மகள் யதுர்ஷிகா அந்தத் தர்ஷனைக் கட்டப் போவதாகச் சொன்னாள். எனக்கு விருப்பமில்லை. ஒரு தகப்பனுக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம்.

வீரையா ஒருமுறை முறையாகப் பெண் கேட்டு வந்தார். வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுவந்தார். என் மனைவி இராசமலர் கதிரை போட்டு, தேநீர் கொடுத்தாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் போன பிறகு இராசமலர் அந்தக் கதிரையை முற்றத்துக்குக் கொண்டுபோய் வாளியால் தண்ணீர் ஊற்றினாள். தூசிக்காக. யது வாசலில் நின்று பார்த்தாள்.

"மற்றக் கதிரையளில தூசி இல்லையோ அம்மா?" என்று கேட்டாள்.

வாழைப்பழத்தை மாட்டுக்கு வைத்தோம். அடுத்த வாரம் அவள் பதிவுத் திருமணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

காரை என்னிடம் அனுப்பியது அவள்தான். தர்ஷனிடம் வெள்ளை நிற ஜப்பான் சின்னக் கார் ஒன்று இருந்தது. பாவித்தது, ஆனால் நன்றாக வைத்திருந்தான். பதிவு நாளுக்கு அதை உயரம் இறக்கி, நிலத்தோடு பதித்து ஓட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அப்பாவிடமே கொடு, அப்பாவின் மனம் மாறும் என்று அவள் சொன்னாளாம். வந்து நின்றான்.

"அண்ணை, நாலு விரல் இறக்கோணும். சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில கை போகப்படாது."

"படம் எடுக்கவோ, ஓடவோ?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும் எண்டா ரெண்டு விரல். நாலு விரல் இறக்கினா வயிறு தேச்சுக்கொண்டு போவாய், உடும்பு மாதிரி."

அவன் சிரித்தான். "உடும்பு பிடிச்சா விடாது அண்ணை."

காரைப் பற்றித்தான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று அவனுக்கு எல்லாவற்றையும் சரியாக விளங்கப்படுத்தினேன். இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது. குறுகிய ஸ்பிரிங் போட்டால் அது கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் போய் அடிக்கும். அதன் பிறகு சொக். சொக் குலுக்கலை அடக்க மட்டும் இல்லை. சில்லு நிலத்தை விட்டு எழும்பினால் எவ்வளவு தூரம் கீழே தொங்கலாம் என்பதையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. இந்தக் காரில் பின் ஸ்பிரிங் எதிலும் பூட்டப்படுவதில்லை. மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவில் காரின் பாரத்தில் நிற்கிறது. சில்லு தொங்கும் நீளம் ஸ்பிரிங்கின் நீளத்தைவிடக் கூடினால் ஸ்பிரிங் கழன்றுவிடும். ஆகவே குறுகிய ஸ்பிரிங்குக்குக் குறுகிய சொக். இரண்டையும் சோடியாகத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

"நீங்கள் எதைப் போட்டாலும் சரி அண்ணை," என்றான்.

கொழும்பிலிருந்து சரியான சோடியை எடுப்பித்தேன். அது பெட்டி உடைக்காமல் இன்னும் என் பின்னறையில் இருக்கிறது. வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுங்கள். வேலை தெரியாமல் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அன்று அவன் இன்னொன்றும் சொன்னான். தேவையில்லாத கதைதான்.

"அக்கராயன் றோட்டில உயர்ந்த மதகு ஒண்டு இருக்கெல்லோ. அதில வேகமா விட்டா கார் எழும்பும். வயிறு கூசும். யதுக்கு அதுதான் நல்ல விருப்பம்."

என் மகள் ஏற்கெனவே அந்தக் காரில் ஏறியிருக்கிறாள் என்று எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. மதகும் அப்படித்தான் தெரியவந்தது.

பெட்டி கொழும்பிலிருந்து வந்த அன்று சிவராசாவும் வந்தார். லொறி வைத்திருக்கிறவர், எங்களுக்கு ஒரு வழியில் சொந்தம். கராஜில் நாலு பேர் இருந்தார்கள்.

"என்ன சிற்றம்பலம், மருமேன்ர காருக்குச் சாமான் கொழும்பாலயோ வருது? தோட்டக்காட்டானுக்கு நல்ல யோகம்."

"வயலில வரம்பு கட்ட வந்தவங்கள், இப்ப வீட்டுக்குள்ள வரம்பு கட்டுறாங்கள்," என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலைநாட்டு ஆட்களைத் தோட்டக்காட்டான் என்கிற அந்தச் சொல்லை நான் ஒருநாளும் பாவித்ததில்லை. மற்றவர்கள் பாவித்தால் தடுத்ததும் இல்லை.

அவர்கள் போன பிறகு பின்னறையில் தேடினேன். நாலு விரல் பதிக்கிற ஸ்பிரிங்குகள் இருந்தன. வெளிநாடு போன ஒருவன் பூட்டாமலே விட்டுவிட்டுப் போன புதியவை. சாதாரண உயரத்துக்கான புதுச் சொக்குகளும் இருந்தன. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல சாமான். கார் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. வீதியில் ஓடும்போதும் தெரியாது. பின்பக்கம் காற்றில் எழும்பினால் மட்டும் சில்லு தொங்கும், ஸ்பிரிங் கிண்ணத்தை விட்டு விலகும், கார் இறங்கும்போது அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. நான் எதையும் வெட்டவில்லை, உடைக்கவில்லை. தெரிவு செய்தேன்.

எந்த நாள் என்பதையும் நான்தான் தெரிவு செய்தேன்.

ஏ9 இல் போகும் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றுதான் போகும். அது உங்களுக்கும் தெரியும், உங்கள் ஜீப்பும் நிற்கிறது. பெரிய வேலை செய்த வாகனத்தை முதலில் அங்கே கொண்டுபோய்த் தேங்காய் உடைப்பது என் வாடிக்கையாளர்களின் வழக்கம். தர்ஷனும் போவான். அங்கிருந்து அக்கராயன் வழியாக ஜெயபுரத்துக்கு, தாயிடம் காரைக் காட்டப் போவான். மதகு அந்த வழியில்தான் இருக்கிறது. என் ஒரே கவலை, தேங்காய் உடைக்க யதுவையும் ஏற்றிக்கொண்டு போவானோ என்பது.

அப்போது பளையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பதிவு நெருங்கினாலும் நாங்கள் விடவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் பெண் பார்ப்பதாக இருந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவர்கள் கும்பிட வந்ததுபோல வருவார்கள், நாங்களும் கும்பிட வந்ததுபோலப் போவோம். பெண்ணுக்குச் சில வேளை சொல்வதுகூட இல்லை. யதுவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது போல. வியாழக்கிழமை பின்னேரம் இராசமலர் குசினியிலிருந்து வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கு அவளுக்குக் கோயிலுக்குப் போகேலாதாம். பளை ஆக்களுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ."

மாதவிலக்கு என்று எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் அப்படியான நாட்களில் பெண்கள் கோயில் வாசல் மிதிப்பதில்லை. யது அந்த ஒழுங்கில் வளர்ந்தவள். பளைக்கு எடுத்துச் சொன்னேன். பிறகு அதே கையோடு தர்ஷனுக்கு எடுத்து, நாளைக்கே காரைக் கொண்டுவா என்றேன்.

மகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காக நாள் பார்த்தவன் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் வந்து தேநீர் குடித்துவிட்டு, "தொடங்குவமோ மாமா?" என்றான். அதுவரை அண்ணை என்றுதான் சொன்னவன். நான் திருத்தவில்லை. நட்டு ஒவ்வொன்றையும் இருமுறை இறுக்கினேன். வேலையில் எனக்கு அவசரம் இல்லை.

ஜக்கை இறக்கியபோது கார் நன்றாகப் பதிந்தது. சுற்றிவந்து பார்த்தான்.

"ரெண்டு விரலைவிடக் கூடப் பதிஞ்சிருக்கு போல, மாமா."

"கலியாணக் கார்தானே."

"அப்ப உடும்புதான்."

"ஓம், உடும்புதான்," என்றேன்.

கை கொடுக்க வந்தான். என் கையில் கிறீஸ் இருந்தது. முழங்கையை நீட்டினேன். அதைப் பிடித்துக் குலுக்கினான்.

"நேர முறிகண்டிக்கோ?"

"ஓம் மாமா. தேங்காய் வாங்கி வச்சிருக்கிறன்."

"தனியவோ போறாய்?"

கொஞ்சம் யோசித்தான். "ஓம், தனியத்தான்."

நான் கேட்டேன். அவன் பொய் சொன்னான். அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் காரைத் திரும்ப ஜக்கில் ஏற்றியிருப்பேன். ஆகவே எல்லாப் பழியும் என்னுடையது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தார்கள். அவனுடைய தகப்பனுக்குத்தான் எடுப்பார்கள், எனக்கு ஏன் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். போனபோது தர்ஷன் முடிந்துவிட்டிருந்தான். யதுவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அரைநாள் லீவு போட்டுவிட்டு, வேலை செய்யும் கந்தோர் வாசலில் நின்று அவனுடைய காரில் ஏறியிருக்கிறாள். நெற்றியில் இரத்தம். இரத்தத்துக்குக் கீழே திருநீறு. பிள்ளையாரடித் திருநீறு. கோயிலுக்குப் போக முடியாது என்று தாயிடம் சொன்னது பளை ஆட்களைத் தட்டிக்கழிக்கச் சொன்ன பொய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தர்ஷனுடைய தாய் கமலேஸ்வரி நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"ஐயா, எங்கட பெடியன் வேகமா ஓடி உங்கட பிள்ளையையும் இப்பிடி ஆக்கிப்போட்டானே. மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா."

பரவாயில்லை என்றேன். வீட்டுக்கு வந்து கைகளைக் கழுவினேன். கிறீஸ் இன்னும் போகாமல் இருந்தது.

யது இனி நடக்கமாட்டாள் என்கிறார்கள். இத்தனை நாளும் அவள் யாருடனும் பேசவில்லை. நேற்று இராசமலர் சுடுதண்ணி எடுக்கப் போயிருந்தாள். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடியே பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"அப்பா, வெள்ளிக்கிழமை காரைக் கொண்டுவரச் சொன்னது நீங்களோ, அவரோ?"

"நான்தான் பிள்ளை."

"வியாழக்கிழமை பின்னேரம்தான் போன் எடுத்தனீங்கள்."

"ஓம்."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"எனக்குக் கோயிலுக்குப் போகேலாது எண்டு அம்மா உங்களிட்டச் சொன்னாப் பிறகுதானே?"