நகரும் பலகை

தில்லி ஜனக்புரியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையிலிருந்து தமிழ் கேட்டது. மஃப்ளர் சுற்றியிருந்த ஒரு பெரியவர் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நேத்து அந்த நகர்ற பலகையைத் தாண்டிட்டேன்.”

“எந்தப் பலகை?”

“ரகு விட்டுட்டுப் போன வீடியோ கேம்ல. பள்ளத்துக்கு மேல போறதும் வர்றதுமா இருக்குமே, அது.”

“ரிடையர் ஆனவர் பண்ற காரியமா இது?”

“கிட்ட வந்து நிக்கும், ஏறிக்கலாம்னு காத்துண்டே இருந்தேன். பொம்மை ஒவ்வொரு தடவையும் பள்ளத்துல விழுந்துது. அது நிக்கவே நிக்காது. வந்துண்டிருக்கறச்சேயே குதிச்சுடணும்.”

“தில்லி பஸ் மட்டும் நிக்கறதா? ஓடித்தானே ஏறறேள்?”

அவர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது.

“ஸ்கூல் படிக்கறச்சே தினம் கூப்பிடுவான். ‘இந்த இடம் மட்டும் எனக்கு வரலைப்பா, வந்து ஆடிக் குடுங்கோ’ம்பான். ஆபீஸ்லேர்ந்து வந்து பேப்பரைப் பிரிச்சுண்டு, அச்சா, அப்பறம்னுடுவேன்.”

“அதான் தாண்டிட்டேளே. பெங்களூருக்கு போன் போட்டு அவன்கிட்ட சொல்றதுதானே.”

“காலம்பர சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“‘அது ரொம்ப சுலபம்ப்பா, முதல் நாளே தாண்டிட்டேன். நீங்க வந்து பக்கத்துல உக்காருவேளேன்னுதான் வேணும்னே விழுந்துண்டிருந்தேன்’னான்.”