மணல் வெள்ளையாக இருக்க வேண்டும்

மணலை வெள்ளையாக வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, மேடம். தண்ணீருக்கு வடிகட்டி இருக்கிறது. கண்ணாடியைத் துடைக்கத் துணி இருக்கிறது. அடியில் கிடக்கும் மணலுக்கு மட்டும் உயிருள்ள ஆள் தேவை.

எங்கள் முதியோர் இல்லத்தின் வரவேற்பறையில் ஆறடி நீளத்துக்கு ஓர் உப்புத் தண்ணீர் மீன்தொட்டி இருந்தது. வாங்கி வைத்தவர் முதலாளி. பார்த்துக்கொள்ளும் வேலையை மேலாளரான என் தலையில் கட்டினார். அப்பாவையோ அம்மாவையோ கொண்டுவந்து விடுகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆரம்பத்தில் பால்போல இருந்த மணல்மேல் ஒரு மாதத்தில் பழுப்புப் பாசி படர்ந்துவிட்டது. ஒரு மகன் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்து, மாடிக்குக்கூட வராமல் தன் அம்மாவைத் திரும்ப அழைத்துப் போனார். காரில் ஏறும்போது அந்த அம்மா சிரித்துக்கொண்டே போனார். எதற்குச் சிரித்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவன் இல்லை நான். முதலில் மணலுக்குள் புதைந்து ஊரும் நத்தைகள் இருபது வாங்கினேன். நல்ல உழைப்பாளிகள். ஆனால் கூடவே வாங்கிய நண்டுகள் நத்தைகளைத் தின்றுவிட்டு அவற்றின் ஓடுகளில் குடியேறிவிட்டன. அடுத்து ஒரு நட்சத்திர மீன். மணலுக்குள் இருந்த புழு பூச்சியை எல்லாம் மூன்று மாதத்தில் வழித்துத் தின்றது. தின்ன ஒன்றும் மிஞ்சாதபோது ஒவ்வொரு கையாகக் கரைந்து செத்தது. கடல் அட்டை வாங்கலாமா என்றும் யோசித்தேன். அது செத்தால் விஷத்தைக் கக்கித் தொட்டியையே காலி பண்ணிவிடும் என்றார் மீன் கடைக்காரர். சாகிற நேரத்தில் பழிவாங்கும் ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் அமைந்தது மணல் சலிக்கும் மீன். விரல் நீளம்தான் இருக்கும். வாய் நிறைய மணலை அள்ளி, செவுள் வழியாகச் சலித்துக் கொட்டும். காலையில் விளக்குப் போட்டதிலிருந்து இதே வேலை.

"மணல் சுத்தமாயிட்டா இதுக்கு அதுல ஒண்ணும் கிடைக்காது சார். தனியா தீனி போடணும், மறந்துடாதீங்க" என்றார் கடைக்காரர்.

போட்டேன். தின்றது போக மிச்சம் மணலில் விழுந்தது. தின்ற மீன் கழிக்கவும் செய்தது. நிறுத்திப் பார்த்தேன். பசி வந்ததும் மீன் முன்னைவிட இரண்டு மடங்கு சலித்தது. மணல் பளிச்சென்று ஆனது. ஏழு வாரத்தில் மீன் செத்துப்போனது, வேறொன்று வாங்கி விட்டேன். ஆள் மாறியது யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நர்ஸம்மா வந்து நின்றார்.

"தினமும் காலையில பத்து படுக்கையாவது நனைஞ்சு கிடக்கு சார். விரிப்பு மாத்தி மாத்தி என் இடுப்பே விட்டுப்போச்சு. இன்னொரு ஆள் போட்டுத் தாங்க."

அவர் கேட்டது ஆள். நான் கொடுத்தது தீர்வு. இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். மாலை ஐந்து மணிக்கு அரை டம்ளர் சூப், அதோடு சரி. அதற்குப் பிறகு தண்ணீரும் கிடையாது. ஒரே வாரத்தில் விரிப்புகள் வெளுத்துவிட்டன. இரண்டாவது மாதம் மதியச் சாப்பாட்டையும் கொஞ்சம் இலகுவாக்கினேன். சமையல்காரர் மட்டும், "இது போதுமா சார்?" என்று ஒரு தடவை கேட்டார். வயதானவர்களுக்குச் செரிமானம் குறைவு என்று விளக்கினேன். அவருக்கும் பாத்திரம் கழுவும் வேலை குறைந்திருந்தது.

"எல்லாருக்கும் எடை இறங்கிட்டே போகுது சார்" என்றார் நர்ஸம்மா.

"மிஷின் பழுதாயிருக்கும்" என்றேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு."

அதைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டேன். இன்னும் திரும்பி வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், மேடம். யாரையும் நான் அதட்டியது கிடையாது. டீச்சரம்மா என்று ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. சாயங்காலமானால் புடவையைத் திருத்திக்கொண்டு, காலியான சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னைக்குச் சாப்பாடு ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சேம்மா. நீங்கதான் மறந்துட்டீங்க."

"அப்படியா. வயசாகுது பாரு" என்று வெட்கப்பட்டு எழுந்து போவார். நானே கைப்பிடித்து அறைவரை கொண்டுபோய் விடுவேன். அவ்வளவு மரியாதையாக நடத்துகிற இடம் எங்கே இருக்கிறது?

தொந்தரவு கொடுத்தவர் ஒரே ஒருவர்தான், கப்பல்காரர். முப்பது வருடம் கப்பலில் சமைத்தவர். பகல் முழுக்கத் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"தம்பி, இந்த மீனோட வயித்தைப் பாத்தீங்களா? முதுகோட ஒட்டிக்கிடக்கு."

"அது ஒல்லியான ஜாதிங்க."

"எத்தனை பேருக்குச் சோறு போட்டவன் நான். பசிச்ச முகம் எனக்குத் தெரியாதா?"

இதைச் சொல்லும்போது அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து மணலில் ஒரு கறை தெரிந்தது. அவித்த மீனின் நார். மதியம் தனக்கு வைத்த ஒரு துண்டில் பாதியைக் கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். கேட்டதற்கு ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அடுத்தவருக்குக் கொடுக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கிறது என்றால் அவருக்கு வைப்பது அதிகம் என்றுதானே அர்த்தம்? அவர் தட்டில் மீனை நிறுத்தினேன். மூன்றாம் மாடிக்கு மாற்றினேன். அங்கே காற்று நன்றாக வரும்.

அதற்கடுத்த வாரம் டீச்சரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். இல்லத்துக்கு வழக்கமாக வரும் டாக்டர், காரணம் முதுமை என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவர். வெளிநாட்டிலிருந்து வந்த டீச்சரம்மாவின் மகள், அறையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்க அம்மாவை எவ்வளவு சுத்தமா வச்சிருந்திருக்கீங்க" என்றார். எனக்கும் கண் கலங்கியது.

தூய்மையான இல்லத்துக்கான விருதுக்கு எங்கள் பெயர் போனது. பார்வையிட மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு டாக்டர். மீன்தொட்டி முன்னால் நின்று, "மணல் எப்படி இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்று வியந்தார்கள். சரியான உயிரினங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் சத்தம் கேட்டது.

கப்பல்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். லிஃப்டைத் தொடக் கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக மூன்று மாடி இறங்கியிருக்கிறார். நேராக டாக்டர் முன்னால் வந்து நின்று இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார்.

"எண்ணிப் பாருங்க டாக்டர். ஏழு புது ஓட்டை. முள்கரண்டியால நானே போட்டது."

கால்சட்டை நழுவித் தரையில் விழுந்தது. அதைத் தூக்கிக்கொள்ள அவர் குனியவில்லை. தொடை இருக்க வேண்டிய இடத்தில் எலும்புதான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு, மாடி ஏறி ஒவ்வொரு கதவாகத் திறந்தார். மற்றது உங்களுக்கே தெரியும். கப்பல்காரர் ஆஸ்பத்திரியில் மூன்று வேளையும் சாப்பிடுகிறாராம். விரிப்பு மாற்றுகிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்தே நடந்ததா என்று கேட்டீர்கள். தெரிந்தே நடந்தது. டீச்சரம்மாவைத் தூக்கிக் கிடத்தியது நானும் நர்ஸம்மாவும்தான். ஒரு பக்கம் நான் ஒரே கையால் தூக்கினேன். பசியால் செத்திருக்கிறார் என்று அந்தக் கைக்குத் தெரிந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கும் அரை டம்ளர்தான் ஊற்றச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

மொத்தம் எத்தனை உயிர் என்று எழுதுவதற்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். தப்பான எண்ணிக்கை பதிவாகிவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன், மேடம். மீன்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?