திரும்பி வரும் அட்ரஸ்

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் காலை பஸ். என் முன் சீட்டில் பாலிடெக்னிக் பெண்கள் இருவர். அன்று மைக்ரோபிராசஸர் பிராக்டிகல் பரீட்சையாம். கண்ணாடி போட்டவள் தோழிக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள். பரீட்சை வைக்கிறவரே அவளிடம் வந்து படிக்கலாம்.

"புரோகிராம்ல 'ஜம்ப்'னு எழுதுனா போனது போனதுதான்டி. 'கால்'னு எழுதுனா, போன வேலைய முடிச்சிட்டு விட்ட எடத்துக்கே திரும்பி வந்துடும்."

"அதுக்கு எப்டி வழி தெரியும்?"

"கெளம்பறப்பவே திரும்பி வர்ற அட்ரஸ எழுதி வெச்சிட்டுத்தான் போவும்."

தோழி ரெக்கார்டு நோட்டைப் புரட்டினாள்.

"தை மாசம் உனக்குக் கல்யாணம். படிப்பு என்னாவறது?"

"கல்யாணம் முடிஞ்சதும் வந்து படிச்சிக்கட்டும்னு மாப்ள வூட்ல சொல்லிட்டாங்க. அதுவும் 'கால்' மாதிரிதான்."

"அப்ப திரும்பி வர்ற அட்ரஸ எங்கடி எழுதி வெச்சிருக்காங்க?"

கண்ணாடிக்காரி தோழியின் நோட்டை வாங்கி மூடினாள்.

"டி.சி. வேணும்னு அப்பா நேத்தே காலேஜ்ல எழுதிக் குடுத்துட்டாரு."

பாலக்கோடு வந்தது. எழுந்து பையை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"வைவாவுல ஜம்ப்புக்கு உதாரணம் கேட்டா, என் பேரச் சொல்லிடு."