கென்யாவுக்குப் போன ஒன்பது டி-ஷர்ட்டுகள்

சரி... பிரசங்கத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சிருவோம். முன்வரிசையில வாலிபப் பிள்ளைக நிறைய உக்காந்திருக்கீங்க, உங்களுக்குன்னே குட்டியா ஒரு கதை கொண்டாந்திருக்கேன். பின்னால தூங்கிட்டிருக்கிற பெரியவங்களும் கேக்கலாம், தப்பில்ல.

ஒரு சபை. எந்த ஊருன்னு கேக்காதீங்க. சொன்னா நாலு பேரு இங்கயே எந்திரிச்சு சண்டைக்கு வருவாங்க. அந்தச் சபையில இருந்து ஒன்பது பிள்ளைக கென்யாவுக்குப் பத்து நாள் ஊழியத்துக்குக் கிளம்புறாங்க. தலைவன் பேரு ரிச்சி கிருபாகரன். மூணு மாசம் ஆயத்தம்! என்ன ஆயத்தம்? உபவாசமா? ஜெபமா? இல்லய்யா... டி-ஷர்ட்டு!

"மெரூன் போடலாமா ரிச்சி?"

"வேண்டாம்ப்பா, போட்டோவுல இருட்டடிக்கும். நீலம்!"

மூணு மாசத்துல ஆவியானவர் வெளிப்படுத்தினது அந்த நீலக் கலர்தான்.

பேனர் ஒண்ணு அடிச்சாங்க. 'ஆப்பிரிக்காவுக்கு ஆண்டவரைக் கொண்டு செல்கிறோம்!' ஏன்யா... ஆண்டவரு என்ன, இவங்க பெட்டிக்குள்ளயா போகணும்?

போய் இறங்கினாங்க. இறங்கினா, அங்க நூறு வருஷத்துக் கோயில் ஒண்ணு நிக்குது! விடுவாங்களா நம்ம ஆளுங்க? இயேசு யாருன்னே தெரியாத ஜனங்களுக்கு அவரை அறிவிக்கிற மாதிரி ஒரு நாடகம் போட்டாங்க. பாக்க வந்தவங்கள்ல பாதிப் பேருக்குப் பேரே பீட்டரு, மேரி, யாக்கோபு! பாவம், விருந்தாளி மனசு நோகக் கூடாதுன்னு கைதட்டினாங்க.

மூணாவது நாள். அந்தச் சபைப் பாடகர் குழுவுல அச்சியெங்னு ஒரு பொண்ணு. நம்ம பிள்ளைக வயசுதான். "வாங்க, ஒரு வீட்டுக்குப் போவோம்"னு கூட்டிட்டுப் போறா. உள்ள ஒருத்தர், பக்கவாதத்துல ஒரு பக்கம் விழுந்து படுக்கையில கிடக்கிறார். அச்சியெங் தண்ணி காய்ச்சினா. அவரைத் துடைச்சா. நகம் வெட்டினா. விரிப்பை மாத்தினா. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவங்க வாலிபர்கள் முறை போட்டுச் செய்றதாம்.

நம்ம ரிச்சி என்ன செஞ்சான்? கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து... செல்ஃபி!

அச்சியெங் சாதாரணமாத்தான் கேட்டா. "உங்க ஊர்ல நீங்க யாரைப் போய்ப் பாக்கிறீங்க?"

ரிச்சி நெஞ்சை நிமித்தினான். "எங்க சபையில அதுக்குன்னே ஒரு கமிட்டி இருக்கு சிஸ்டர்."

"அப்படியா? கமிட்டி குளிப்பாட்டுமா?"

...

ஒன்பது டி-ஷர்ட்டும் தரையைப் பாக்குது. அதுல ஒரு பிள்ளை, ஷைனி பொன்மலர்னு பேரு, அப்படியே உடைஞ்சு அழுதுட்டா.

"எங்க கோயில்ல மணி அடிக்கிறவர் தாசையா அண்ணாச்சி. நாங்க கிளம்புறதுக்கு முந்தின நாள் எங்க பேனரைக் கட்டும்போது ஏணியில இருந்து விழுந்துட்டார். இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. அவர் கீழ கிடக்கிறார்... நான் மேல பாத்து, பேனர் கோணலா தொங்குதேன்னு சொன்னேன். அவரைப் பாக்கல. பேனரைத்தான் பாத்தேன்."

பிள்ளைகளே, அந்த மனுஷனுக்காக வழியனுப்பு ஆராதனையில ஜெபம் பண்ணினாங்க. எவ்வளவு நேரம்? ரெண்டு நிமிஷம். அப்புறம்? குரூப் போட்டோ!

அச்சியெங் புத்தி சொல்லல. வசனமும் சொல்லல. துண்டை நனைச்சு ஷைனி கையில குடுத்தா. "இந்தக் காலைப் பிடி. வலிக்காம எப்படித் திருப்பணும்னு காட்டித் தர்றேன்." மிச்ச நாளெல்லாம் ஷைனி அந்த வீட்டுலதான். மத்த எட்டுப் பேரும் செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சாங்க. ஏற்கனவே நல்லா இருந்த செவுருதான்!

ஊருக்குத் திரும்பியாச்சு. ஞாயித்துக்கிழமை சாட்சி. பெரிய திரை, நூத்தி நாப்பது போட்டோ. "அடுத்ததா சிஸ்டர் ஷைனி"ன்னு கூப்பிடுறாங்க... ஆளைக் காணோம். எங்க போனா? கோயிலுக்குப் பின்சந்துல தாசையா வீடு. அங்க நிக்கிறா.

படுத்திருந்த தாசையா பாத்தார். கோபமெல்லாம் இல்ல, சிரிச்சுக்கிட்டே கேட்டார். "ஆப்பிரிக்காவுக்கெல்லாம் போயிட்டு வந்துட்டியளாமே! எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சு போச்சா?"

அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் சம்சாரம் ஞானப்பூ அக்கா தனி ஆளா அவரைப் புரட்ட முடியாம, முதுகுல படுக்கைப்புண் வந்திருக்கு. ஷைனி முட்டி போட்டு உக்காந்தா. "அக்கா, நீங்க தோளைப் பிடிங்க, நான் இடுப்பைத் தாங்குறேன்." வலிக்காம திருப்பிட்டா. ஞானப்பூ அக்கா வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. அந்தச் சபையில இருந்து அந்த வாசப்படி ஏறின மொத ஆளு அவதான்.

நாலாம் நாள் ரிச்சியும் வந்தான். கையில போனோட! ஞானப்பூ அக்கா ஒரு பார்வை பாத்தாங்க. "தம்பி, போனை அந்தப் பக்கம் வெச்சிட்டு இந்தப் பக்கம் வந்து பிடி." வெச்சான். பிடிச்சான். அந்த ஒரு நாளைக்கு மட்டும் போட்டோவே கிடையாது.

மூணு மாசங்கழிச்சு தாசையா கோலை ஊனி எந்திரிச்சு நின்னார்.

பிள்ளைகளே... போகாதீங்கன்னா சொல்றேன்? போங்க! கென்யாவுக்குப் போங்க, எங்க வேணா போங்க. அந்த ஷைனி அங்க போனதாலதான் கத்துக்கிட்டா. ஆனா ஒண்ணு. ஆண்டவர் உங்களுக்கு முன்னாலயே அங்க போய்ச் சேர்ந்துட்டார். அவருக்கு நீங்க டிக்கெட் எடுக்க வேண்டாம். அவர் உங்ககிட்ட கேக்கிறது பக்கத்துச் சந்துக்கு ஒரு நடை!

கூட்டம் முடிஞ்சதும் வெளிநாட்டு ஊழியத்துக்குப் பேர் குடுக்கிற தாள் வரும். உங்க பேருக்குக் கீழ நானே ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். உங்க சபையில படுக்கையில கிடக்கிற ஒருத்தர் பேரை அதுல எழுதணும்.

எழுத ஒரு பேரும் தெரியலியா? பேனாவை மூடி வெச்சிட்டு வீட்டுக்குப் போங்க. விசாரிச்சு, பாத்துட்டு, அப்புறம் வாங்க. கென்யா எங்கயும் ஓடிப் போகாது.