சந்தேகப் புருஷனும் மீசைக்காரப் பெண்டாட்டியும்

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். லூனாஸில் பங்கீட்டு அரிசிக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தோட்டத்துப் பெண்கள். இளையவள் சொன்னாள்:

“என் புருஷனோட பொண்டாட்டிக்கு இந்நேரம் மீசை முளைச்சிருக்கும்லா, அக்கா.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். அந்த வரிசையில் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

“முளைக்காம? திருவிழா நாடகத்துல பொம்பள வேஷம் கட்டறேன்னு எங்க வீட்டுக்காரரு மீசைய எடுத்தப்ப நான் மூஞ்சி கொடுத்தே பேசலையே.”

“உங்க பச்சச் சேலையத்தான கட்டிக்கிட்டு வந்தாரு?”

“அது பெட்டியிலதான் இருக்கு. கட்ட மனசு வரல.” அவள் உடுத்தியிருந்தது கோணிச்சாக்கு.

“அந்த நாடகத்துல எங்க வீட்டுக்காரரு சந்தேகப் புருஷன், உங்க வீட்டுக்காரரு பொண்டாட்டி, அக்கா. பால்காரன் மணியடிச்சாலும் சந்தேகம், கங்காணி இருமினாலும் சந்தேகம். பொண்டாட்டி தண்ணிக்குப் போனாக்கூட பின்னாலயே போவாரு. தோட்டமே சிரிச்சுச்சு.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

“சயாமுக்கு ரயில் ரோடு போட ரெண்டு பேரையும் ஒரே லாரியிலதான் ஏத்துனாங்க, அக்கா.”

“பார்த்தேன். அன்னையிலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் சாமிகிட்ட கேக்கறேன், தங்கச்சி. அங்கயும் உன் புருஷன் அப்படியே சந்தேகப்பட்டுப் பின்னாலயே போகணும்.”