கிறீச்சிட்ட பாட்டு

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும் மூத்தோரே, மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மாரே, இடமின்றிச் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

பாடும் பறவையின் மூளையைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். பேசுகிறேன். ஆனால் அச்சத்தோடு பேசுகிறேன்.

வளர்ந்து முடிந்த மூளையில் புதிதாக எதுவும் முளைக்காது என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் அடித்துச் சொன்னார்கள். அந்தக் கூற்றை ஆட்டங்காண வைத்தது எது? கைக்குள் அடங்கும் கேனரிக் குருவி! அதன் தலைக்குள் பழைய நரம்பணுக்கள் மடிகின்றன, புதியவை பிறக்கின்றன. பாடாத பருவம் முடிந்ததும் பழைய மெட்டுகளில் சிலவற்றை விட்டு, புதியவற்றைச் சேர்த்துப் பாடுகிறது. என்ன, கை தட்டுகிறீர்களா? பொறுங்கள். புதிய அணுக்களை எப்படி எண்ணினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே! எங்கள் ஆய்வுக்கூடத்தில் குருவியைக் கொன்றுதான் எண்ணினோம்.

அதற்கென்று ஒரு தள்ளுவண்டி உண்டு. அதன் முன்சக்கரம் கிறீச்சிடும். வண்டி வரும், ஒரு கூண்டு போகும். வண்டி வரும், இன்னொரு கூண்டு போகும். அங்கே ஒரு குருவிக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தோம். பல வாரம் வாயடைத்துக் கிடந்தவன் ஒருநாள் காலையில் பாடினான். ஆகா, என்ன குழைவு, என்ன குளுமை! நடுவே... கிறீச்! கிறீச்! கிறீச்!

வண்டி அந்த அறையிலேயே இல்லை, அன்பர்களே! மற்றக் குருவிகள் அத்தனையும் சட்டென்று அடங்கின. என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, நம்ம வண்டி சத்தம்க்கா அது. நாம வர்றத பாட்டா பாடுறான்."

"சும்மா இரும்மா, பயமுறுத்தாத" என்றேன்.

மறுநாள் வாயாடியின் முறை. "பதில் அந்தத் தலைக்குள்ளதாம்மா இருக்கு. எடுத்துட்டு வாங்க" என்றார் துறைத்தலைவர். வண்டியை ஓரடி தள்ளினேன். சக்கரம் கிறீச்சிட்டது. குருவி அறைக்குள்ளிருந்து அதே குரலில் பதில் வந்தது! வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

எண்ணெய் போட்டிருக்கலாமே என்கிறீர்களா, ஐயா? அன்றே போட்டோம். வண்டி ஊமையாகிவிட்டது, வாயாடி ஊமையாகவில்லை.

துறைத்தலைவரோடு மல்லுக்கட்டி அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கும் பாடினான், நடுவே கிறீச்சிட்டான். "அம்மா, யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டாள் என் மகள். வந்தவள் நான்தான் என்று எந்த வாயால் சொல்வேன்?

இப்போது மீண்டும் மௌனப் பருவம். அந்தச் சின்னத் தலைக்குள் புதிய அணுக்கள் குடியேறிக்கொண்டிருக்கின்றன. எதைக் கேட்டபடி? என் வீட்டைக் கேட்டபடி! வண்டிச் சத்தம் போகுமா? போனால் அந்த இடத்தில் எது வந்து உட்காரும்? நான் மகளை அதட்டும் அதட்டலா? அறைந்து சாத்தும் கதவா? அடுத்த பாட்டில் நான் யாராக இருப்பேன்? அஞ்சுகிறேன், அவையோரே, அஞ்சுகிறேன்! உங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் தலைகள் எத்தனை? வளர்ந்துவிட்ட தலைதானே, இனி எதுவும் ஏறாது என்று எண்ணிப் பேசுகிறீர்களா?

இன்று கிளம்பும்போது என் வீட்டுக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன். நீங்களும் போய் மெல்லத் திறங்கள். அஞ்சியவளின் பேச்சுக்குச் செவி தந்த உங்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!